பிள்ளையைத் தாங்கும் தோளுக்கும் ஓய்வு வேண்டும்



ஆண்டு மலரில் சமய அறிஞர்களின் கட்டுரைகளுக்கிடையே எனக்கும் இடம் கிடைத்தது என் பேறு. நான் பண்டிதனல்லன். பினாங்கில் கணக்கராகப் பணிபுரியும் ஒரு தந்தை. எங்கள் மகனுக்கு மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உள்ளது. எங்கள் இல்லம் கற்ற பாடத்தை, அதே நிலையிலுள்ள பெற்றோருக்கும் அவர்களுக்கு உதவ எண்ணும் நல்லுள்ளங்களுக்கும் இங்கே சமர்ப்பிக்கின்றேன்.

மகனுக்கு மூன்று வயதானபோது மருத்துவர் இதனைக் கண்டறிந்தார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். பேச்சு வரவில்லை. மின்விசிறி சுழல்வதை மணிக்கணக்கில் பார்த்திருப்பான். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் விடியும்வரை வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை.

பயிற்சிச் செலவுக்குப் பணம் வேண்டுமென்று நான் ஓவர்டைம் செய்தேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், உண்மையில் வீட்டுக்குப் போக அஞ்சினேன். ஓர் இரவு ஒன்பது மணிக்குத் திரும்பியபோது, என் மனைவி அடுக்குமாடிப் படிக்கட்டில் தனியே அமர்ந்திருந்தாள். உள்ளே என் மாமியார் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இன்னிக்கு அவன அடிக்கக் கைய ஓங்கிட்டேன். உங்களுக்கு வேலை முடிஞ்சா வீடு இருக்கு. எனக்கு எப்ப முடியும்?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அன்றுதான் எங்கள் பாடம் தொடங்கியது.

முதல் பாடம்: பழியை இறக்கி வையுங்கள்

"போன ஜென்மத்துப் பாவம்" என்றார் ஒருவர். "தாய் சரியாக வளர்க்கவில்லை" என்றார் இன்னொருவர். மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இத்தவற்றைச் செய்தது. 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விவரித்தார். அதன்பின் பல்லாண்டுகள் தாயின் அன்புக் குறைவே காரணமென்று பலர் நம்பினர். 1964-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளவியலாளர் அதனை மறுத்து நூல் எழுதினார். அவரே ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. இதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு என்பது இன்று தெளிவு. இதை உணர்ந்த நாளில் என் மனைவியின் பாரத்தில் பாதி குறைந்தது.

இரண்டாம் பாடம்: நேரத்தைப் பங்கிடுங்கள்

ஓவர்டைமை வாரம் ஒரு நாளாகக் குறைத்தேன். வருமானம் குறைந்தது, சிக்கனமாக இருக்கப் பழகினோம். திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் பிள்ளை விழித்தால் எழுவது என் பொறுப்பு. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் மனைவிக்கே உரியது. கோயிலுக்குப் போகலாம், தூங்கவும் செய்யலாம். எங்கே, ஏன் என்று நான் கேட்பதில்லை.

மூன்றாம் பாடம்: அலறலுக்கு முன் வருவதைக் கவனியுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில், அவன் அலறிய நேரத்தையும் அதற்குச் சற்று முன் நடந்ததையும் குறித்தோம். சில வாரங்களில் விடை தெரிந்தது. திடீர்ச் சத்தம், பசி, சொல்லாமல் மாறும் வழக்கம் ஆகிய மூன்றே பெரும்பாலும் காரணம். அது அடமன்று, தாங்க முடியாத தவிப்பு. அன்றாட வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டினோம். அடுத்து என்ன என்று அவனுக்குத் தெரிந்ததும் அமைதி கூடியது. கோபம் தலைக்கேறினால், பிள்ளையைப் பாதுகாப்பாக அமர்த்திவிட்டு, அடுத்தவரிடம் ஒப்படைத்து அறையைவிட்டு வெளியேறுவது எங்கள் வீட்டு விதி.

நான்காம் பாடம்: உதவி கேட்பது தாழ்வன்று

சமூகநல இலாகாவில் மாற்றுத் திறனாளி அட்டைக்குப் பதிய நான் ஓராண்டு தயங்கினேன். பிள்ளைக்கு முத்திரை குத்துவதாக எண்ணினேன். அது தவறு. அந்த அட்டை பல சலுகைகளுக்கு வழி திறந்தது. சில தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்புகள் உள்ளன, விசாரியுங்கள். உங்கள் சோர்வும் உறக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், உங்களுக்காகவே மருத்துவரைப் பாருங்கள்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

ஒருமுறை தீபாராதனையில் மணி ஒலிக்க, மகன் தரையில் விழுந்து அலறினான். பலர் முறைத்தனர். இரண்டாண்டுகள் நாங்கள் ஆலயத்திற்கே போகவில்லை. பிறகு எங்கள் வட்டாரத்திலுள்ள வேறொரு சிறு கோயிலில், கூட்டமில்லாத வேளையில் ஐந்து நிமிடம் மட்டும் நிற்கத் தொடங்கினோம். அங்குள்ள குருக்கள் காரணம் கேட்டறிந்தார். மறுவாரம் மணியின் நாவைக் கையால் பிடித்துக்கொண்டு, ஓசையின்றித் தீபம் காட்டினார். என் மகன் காதிலிருந்து கையை எடுத்துச் சுடரைப் பார்த்தான். என் மனைவி அழுதாள்.

அத்தகைய குடும்பத்தைக் கண்டால் அறிவுரை கூறாதீர்கள். "ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். தருமம் செய்ய விரும்பும் நன்கொடையாளர்கள், பிள்ளைகளின் பயிற்சிக்கு உதவும்போது பெற்றோரின் ஓய்வுக்கும் சிறிது ஒதுக்க வேண்டுகிறேன்.

பெற்றோரே, நீங்கள் இளைப்பாறுவது கடமையைக் கைவிடுவதாகாது. நாளையும் அவனைத் தாங்க உங்கள் தோள் வேண்டும்.

எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.