கந்தகப் படிகம்

ஆம்பூர், வேலூர்ப் பகுதியில் வாழும் நமக்குக் கந்தகம் என்றவுடன் தோல் பதனிடுஞ் சாலையின் நாற்றமே நினைவில் எழும். ஆயின் தூய கந்தகத்திற்கு நாற்றம் இல்லையென்றே கூறலாம். அஃது எலுமிச்சம்பழம் போன்று ஒளிரும் மஞ்சட் படிகமாகும்.

விரிஞ்சிபுரத்துப் பாலாற்றங்கரையில் எத்துணை நாள் தேடினும் இப்படிகம் அகப்படாது. இங்குள்ளவை மிகப் பழைய உருமாறிய பாறைகள். கந்தகமோ எரிமலை வாய்களிலும், ஜிப்சம் படிந்த அடுக்குகளிலும் தோன்றுவது. லடாக்கிலுள்ள பூகா வெந்நீரூற்றுப் பள்ளத்தாக்கிலும், அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவிலும் அது காணப்பட்டுள்ளது. அத்தீவினை ஆராய்ந்த மாலெட் என்பார் 1885இல் தம் நூலை வெளியிட்டார். நெடுங்காலம் உறங்கிய அவ்வெரிமலை 1991இல் மீண்டும் சீறியது. சேகரிப்போர் பெரிதும் போற்றுவன இத்தாலியைச் சார்ந்த சிசிலித் தீவின் படிகங்களே.

இதனைப் பேணுதல் எளிதன்று. கந்தகம் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் உள்ளங்கைச் சூடு பட்டாலே மேற்பரப்பு மட்டும் விரிந்து படிகம் வெடித்தல் உண்டு. வெயிலிலும் விளக்கருகிலும் வைத்தலாகாது. வெந்நீரிற் கழுவுதலும் கூடாது. வெள்ளிப் பொருள்களோடு வைப்பின் அவை கறுக்கும்.

யான் நாட்டுமருந்துக் கடையிற் கந்தகம் வாங்கி, ஆசிரியர் முன்னிலையில் உருக்கி ஆறவிட்டேன். ஊசி போன்ற அழகிய படிகங்கள் எழுந்தன. ‘எரிமலையிற் கிடைத்தது என்று சீட்டெழுதுக, யார் அறிவார்?’ என்றான் நண்பன். மனம் சிறிது தடுமாறியது உண்மை. மறுநாட் பார்க்கையில் ஊசிகள் ஒளி மழுங்கியிருந்தன. உருகி ஆறுங்கால் தோன்றும் ஊசிவடிவம் 95 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே நிலைபெறாது, இயற்கை வடிவிற்கு மாறிவிடும் என்று ஆசிரியர் விளக்கினார். பொய்ச்சீட்டைப் படிகமே காட்டிக் கொடுத்திருக்கும்! ‘ஆய்வுக்கூடத்தில் உருக்கியது’ என்றே எழுதி வைத்தேன்.

பொருளுக்கு உரிய பெயரிடுதல் பேழைக்கு மட்டும் உரிய அறமன்று. தோலின் மயிரைக் களையச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பர். அக்கழிநீர் அமிலத்தோடு கூடின் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று எழும். அழுகிய முட்டையை ஒத்த நாற்றம் அதனுடையதே. அக்காற்று மிகுந்துழி மூக்கு மரத்துப்போம். ‘நாற்றம் நீங்கிற்று, இனி அச்சமில்லை’ என்றெண்ணித் தொட்டியில் இறங்குவோர் உயிரிழப்பர். ‘வெறுங் கந்தக நாற்றந்தானே’ என்று சொல்லி நாம் வாளா இருத்தல் தகுமோ? நம்மூர்த் தொழிலாளர்க்கு இவ்வுண்மையை எடுத்துரைத்தல் கற்றவர் கடனாம்.