ஓடுவது எந்தக் கெர்னல்?

ஸ்ரீரங்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "கடையில் நான்கு சிஸ்டம், எல்லாம் உபுண்டு. அப்டேட் போட்டால் பூட் பார்ட்டிஷனில் இடமில்லை என்று நின்றுவிடுகிறது. போய்ப் பார்த்தால் ஐந்தாறு கெர்னல் கிடக்கிறது. கடைசியில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாமா?"

அவசரப்படாதீர்கள். அந்தக் 'கடைசி'யில்தான் பலர் சறுக்குகிறார்கள். பூட் ஃபோல்டரில் 'எல்எஸ்' என்று அடித்தால் பட்டியல் எழுத்து வரிசையில் வரும். 6.8.0-101 மேலே நிற்கும், 6.8.0-45 கீழே நிற்கும். கீழே இருப்பதுதான் புதிது என்று நம்பி மற்றதை அழித்தால் புதியதைத் தொலைத்துவிடுவீர்கள். 'எல்எஸ் -வி' என்று அடியுங்கள், எண் வரிசையில் காட்டும்.

புதியது எது என்று தெரிந்துவிட்டாலும், ஓடுவது அதுதான் என்று ஆகிவிடாது. அப்டேட் புதுக் கெர்னலை டிஸ்கில் இறக்கி வைக்கும், அவ்வளவுதான். ரீஸ்டார்ட் செய்யும் வரை மெமரியில் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். பூட் ஃபோல்டரில் 'விஎம்லினஸ்' என்ற பெயரில் எண் இல்லாத ஒரு ஷார்ட்கட் இருக்கும். அதையும் நம்ப வேண்டாம், ஓடுவதை அது காட்டாது. டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'யூநேம் -ஆர்' என்று அடித்து வரும் பதிலைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு சிஸ்டத்திலும் தனித்தனியாக.

அழிப்பதற்கு 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்' போதும். ஓடுவது, புதியது, அதற்கு முந்தையது ஆகியவற்றை விட்டுவிட்டு மற்றதை அதுவே எடுக்கும். பூட் ஃபோல்டருக்குள் போய்க் கையால் கோப்பை அழிக்கவே அழிக்காதீர்கள். பேக்கேஜ் கணக்கு குழம்பி அடுத்த அப்டேட் மறுபடி நிற்கும். இடம் அறவே தீர்ந்து ஆட்டோரிமூவும் பாதியில் நின்றால், மிகப் பழைய பதிப்பின் இமேஜ், மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா பேக்கேஜ்கள் இரண்டையும் சேர்த்து 'டிபிகேஜி --பர்ஜ்' கொடுத்துக் கொஞ்சம் இடம் பண்ணிக்கொண்டு தொடருங்கள்.

தவறிப்போய் ஓடுகிற கெர்னலையே நீக்கச் சொன்னால் ஒரு எச்சரிக்கைத் திரை வரும். நீக்குவதைக் கைவிடவா என்று அது கேட்கும். அழிக்கத்தானே வந்தோம் என்று அவசரத்தில் 'நோ' அழுத்திவிடாதீர்கள். அங்கே 'யெஸ்'தான் உங்களைக் காப்பாற்றும்.

உங்கள் வைஃபை டாங்கிளோ ஸ்கேனரோ புதுக் கெர்னலில் முரண்டுபிடித்து, பழைய ஒன்றில் ஒழுங்காக ஓடினால் அந்தப் பழையதைத் தக்கவைப்பதே சரி. 'ஏபிடி-மார்க் மேனுவல்' கொடுத்தால் ஆட்டோரிமூவ் அதைத் தொடாது. இமேஜுக்கு மட்டும் கொடுத்தால் பற்றாது. பல வைஃபை டிரைவர்கள் இருப்பது மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ராவில்தான், அதற்கும் கொடுங்கள். பழையதில் ஏற, சிஸ்டம் கிளம்பும்போது எஸ்கேப் விசையை, பழைய பயாஸ் மெஷின் என்றால் ஷிஃப்ட் விசையைப் பிடித்தால் கிரப் மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'.

உங்கள் ஊரில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இருந்தபோது வேலை பார்த்த மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. அதன் புரோகிராம் ஒரே தடவை எழுதப்படும் சிப்பில் உட்கார்ந்திருக்கிறது, ஸ்பேர் பதிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

2011-ல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தில் கொடுத்த இலவச லேப்டாப்பை யாராவது உங்கள் கடைக்கு எடுத்து வந்தால், அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருக்கலாம். சென்னை சி-டாக் டெபியனை வைத்து உருவாக்கியது அது. கெர்னல் பெயரின் வால் மட்டும் வேறு மாதிரி இருக்கும். 'யூநேம்', 'ஏபிடி' எல்லாம் அதிலும் உண்டு.

பகல்பத்து உற்சவம் தொடங்கிவிட்டால் உங்கள் தெருவில் கூட்டம் தாங்காது, டிக்கெட் பிரிண்டுக்கே வரிசை நிற்கும். அதற்கு முன்பே ஒரு மதியம் கடை சாத்தியிருக்கும் நேரத்தில், யூபிஎஸ்ஸில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஒரு சிஸ்டத்தை முடித்து, ரீஸ்டார்ட் செய்து, 'யூநேம் -ஆர்' பதிலைத் தாளில் எழுதியதோடு ஒப்பிட்டு, பிரிண்டும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.