சீனி சீக்கிரம் கரையட்டும், காஸ்டிக் சோடா நிதானமாகக் கரையட்டும்!



நம்ம அடுப்படியில் தினமும் நடக்கிற ஒரு அறிவியலை இந்தப் பாடத்தில் பார்ப்போம். ஒரு பொருள் தண்ணீரில் சீக்கிரம் கரைகிறது, இன்னொன்று மெதுவாகக் கரைகிறது. இது எதனால்?

"இதைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று நினைக்க வேண்டாம். பால்கோவா கிண்டுவது, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பது, குழுவாகச் சோப்பு தயாரிப்பது எல்லாவற்றிலும் இந்த விஷயம் இருக்கிறது. ஒரு இடத்தில் தவறினால் ருசிதான் கெடும். இன்னொரு இடத்தில் தவறினால் கண்ணே போய்விடலாம்.

கரைவது என்றால் என்ன?

சீனியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் காணாமல் போகிறது. உண்மையில் அது எங்கும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்னத் துகளாகப் பிரிந்து தண்ணீர் முழுக்கப் பரவிவிடுகிறது. அதனால்தான் எந்த மடக்கு குடித்தாலும் இனிக்கிறது.

வேகத்தை மாற்றும் நான்கு விஷயங்கள்

1. பொடியா, கட்டியா? தண்ணீர் படுகிற இடத்தில்தான் பொருள் கரையும். சதுரமான ஒரு கட்டியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பாதியாக வெட்டினால் எட்டுத் துண்டு வரும். அப்போது தண்ணீர் படும் பரப்பு இரண்டு மடங்காகிறது. கருப்பட்டியைத் தட்டிப் போடுவது இதற்காகத்தான்.

2. சூடு. சூடான தண்ணீரில் துகள்கள் வேகமாக ஓடி மோதும். அதனால் சீக்கிரம் பிரியும்.

3. கலக்குவது. கலக்காமல் விட்டால் அடியில் கிடக்கும் சீனியைச் சுற்றி பாகு மாதிரி நிற்கும். கலக்கும்போது அது விலகி, புதுத் தண்ணீர் வந்து படும்.

4. ஏற்கெனவே எவ்வளவு கரைந்திருக்கிறது? எதற்கும் ஒரு அளவு உண்டு. சாதாரணத் தண்ணீர் 1 லிட்டரில் சுமார் 2 கிலோ சீனி கரையும். உப்பு சுமார் 360 கிராம்தான் கரையும். அந்த அளவு நெருங்க நெருங்க வேகம் குறையும். தாண்டினால் எவ்வளவு கலக்கினாலும் அடியில்தான் நிற்கும்.

நம்ம ஊர் பால்கோவாவில்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாணலியில் இந்தப் பாடம் முழுவதும் இருக்கிறது. பால் கொதிக்கிறது, கை விடாமல் கிண்டுகிறார்கள், அதனால் சீனி நன்றாகக் கரைந்துவிடுகிறது. பால் மிகவும் வற்றிய பிறகு சீனியைக் கொட்டினால் என்ன ஆகும்? கரைவதற்குப் போதுமான தண்ணீர் இருக்காது. நாக்கில் மணல் மாதிரி நெருடும்.

குழந்தையின் உயிர் காக்கும் கரைசல்

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தில் போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலநாபிஸ், உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். நூற்றுக்கு சுமார் 30 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு 4 பேருக்கும் கீழே குறைந்தது.

இன்று அதுதான் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். இதில் மூன்று விஷயம் முக்கியம்:

* பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அந்த அளவில் முழுப் பொட்டலத்தையும் போடுங்க. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் நல்லது.
* தூள் அடியில் தங்காமல் முழுவதும் கரையும்வரை கலக்குங்க. அரைகுறையாகக் கலக்கினால் மேல் தண்ணீரில் சத்து இருக்காது, கடைசி டம்ளரில் உப்பு கூடிவிடும். உப்பு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து.
* சீக்கிரம் கரையட்டும் என்று கலந்த பிறகு அடுப்பில் வைக்காதீங்க. 24 மணி நேரத்துக்கு மேல் மீதியை வைத்துக் கொடுக்காதீங்க.

பொட்டலம் கைவசம் இல்லையா? 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சீனியும் அரை டீஸ்பூன் உப்பும் போட்டு நன்றாகக் கரைத்துக் கொடுக்கலாம். குழந்தை சோர்ந்து போனாலோ, குடிக்க முடியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இங்கே மட்டும் அவசரம் கூடாது

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். பருத்தியில் இயற்கையாகவே மெழுகு உண்டு. அதை எடுத்தால்தான் துணி ஈரத்தை உறிஞ்சும். அதை எடுக்கப் பயன்படுவது காஸ்டிக் சோடா. நம்ம குழுக்கள் சோப்புக்கு வாங்குவதும் அதே காஸ்டிக் சோடாதான்.

இது சீனி மாதிரி இல்லை. கரையும்போது தானாகவே கடும் சூட்டை உண்டாக்கும். அந்தச் சூட்டில் இன்னும் வேகமாகக் கரையும், இன்னும் சூடாகும். அதனால் இதுவரை படித்த வழிகளை இங்கே அடக்கித்தான் வைக்க வேண்டும்:

* தண்ணீரை முதலில் வைத்து, அதில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்க. காஸ்டிக் சோடா மேல் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீங்க. கொதித்துத் தெறிக்கும்.
* வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர்தான்.
* மெதுவாகக் கலக்குங்க.
* அலுமினியப் பாத்திரம் கூடாது, அரித்துவிடும். தீப்பிடிக்கும் வாயுவும் வரும். எவர்சில்வர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் வாளி நல்லது.
* கையுறை, கண்ணாடி போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்க. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீங்க.

மேலே பட்டுவிட்டால் எலுமிச்சம்பழம் தேய்க்காதீங்க. ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் உடனே கழுவத் தொடங்கி, நன்றாகக் கழுவிவிட்டு, நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்க

மூன்று டம்ளரில் ஒரே அளவு தண்ணீர் எடுங்க. முதலில் பச்சைத் தண்ணீரில் வெல்லக் கட்டி, இரண்டாவதில் பச்சைத் தண்ணீரில் தூளாக்கிய வெல்லம், மூன்றாவதில் வெந்நீரில் தூளாக்கிய வெல்லம். வெல்லம் மூன்றிலும் ஒரே எடை. எது முதலில் கரைகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்க. பிறகு கலந்துபேசுங்க:

1. நம்ம குழுவில் சோப்பு, பினாயில் தயாரிக்கும் இடத்தில் கையுறையும் கண்ணாடியும் இருக்கிறதா? இல்லை என்றால் எந்த மாதம் வாங்கலாம்?
2. ஓ.ஆர்.எஸ். கலக்கும் முறை நம்ம தெருவில் எத்தனை தாய்மார்களுக்குச் சரியாகத் தெரியும்? தெரியாதவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்க சகோதரிகளே.