சிறிய அறுவடைப் பொறியும் உழவர் விருப்பமும்

மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குண்டலுபேட்டை. 1997ஆம் ஆண்டு வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த அவ்வட்டம் இப்போது சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் கிடக்கும் மேட்டு நிலம் அது. கேழ்வரகு, சோளம், கொள்ளு ஆகியவை அங்கு வானம் பார்த்து விளைபவை.

தைத் திங்களில் அவ்வழியே பேருந்தில் சென்ற நம் மாணவர் பலரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். சாலையின் ஒரு பாதியில் தாளும் கதிருமாகப் பரப்பி வைத்திருப்பார்கள். நம் பேருந்தே அதன்மேல் ஏறிக் கதிரடித்துக் கொடுத்துவிட்டுப் போகும்! சென்ற முறை என்னுடன் வந்த நண்பர் இதைக் கண்டு நகைத்தார். "கூட்டு அறுவடைப் பொறி என்று ஒன்று உலகில் இருப்பதை இவர்கள் அறியாரோ?" என்றார். அந்த நகைப்பே இக்கட்டுரைக்கு வித்து.

அறுத்தல், அடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்று தொழில்களையும் ஒரே ஓட்டத்தில் செய்வது கூட்டு அறுவடைப் பொறி. அமெரிக்காவில் மிச்சிகன் பகுதியைச் சேர்ந்த ஹைரம் மூர் என்பவர் 1836இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். குதிரைகள் பல சேர்ந்து இழுத்த அப்பொறி இன்று தானே ஓடும் வண்டியாகிவிட்டது. நம் நாட்டில் வாடகைக்கு வரும் வண்டிகளுள் பெரியவை 12 முதல் 14 அடி அகலத்துக்கு வெட்டும். பத்துப் பேர் ஒரு நாள் முழுதும் குனிந்து செய்யும் வேலையை அவ்வண்டி சிறிது நேரத்தில் முடித்துவிடும். ஆள் கிடைக்காத இக்காலத்தில் அது பெரிய உதவி என்பதை யார் மறுப்பர்? குண்டலுபேட்டை உழவரும் மறுக்கவில்லை.

பேகூரை அடுத்த ஒரு களத்தில் முதியவர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். தமிழ் கலந்த கன்னடத்தில் அவர் கூறிய மறுமொழி இது: "வண்டி வேண்டாம் என்று யார் சொன்னது, தம்பி? அது வருகிற நாள் எனக்குத் தெரியாது. என் மாடு தீனி கேட்கிற நாள் எனக்குத் தெரியும்."

மூன்றே வாக்கியங்கள்; ஆயினும் முழுப் பாடமும் அவற்றில் அடங்கியிருந்தது.

முதலில் நாளைப் பார்ப்போம். கேழ்வரகுக் கதிர்கள் எல்லாம் ஒருசேர முற்றுவதில்லை. தாய்த்தண்டின் கதிர் முந்தும். பக்கத் தூர்களின் கதிர் பிந்தும். அரிவாளால் அறுப்பவர் அதற்கு அஞ்சுவதில்லை. அறுத்த அரிகளைக் கட்டிப் போராக அடுக்கிவிட்டால், கதிர் உள்ளேயே உலரும். மேல் தாள் மழையைத் தடுக்கும். பிறகு கை ஓய்ந்தபோது போரைப் பிரித்து அடித்துக்கொள்ளலாம். கூட்டுப் பொறிக்கோ போர் என்னும் நிலையே இல்லை. நிற்கும் பயிரிலேயே மணி உலர்ந்திருக்க வேண்டும். வண்டியும் அந்நாளில் வந்தாக வேண்டும். வெளியூர் வண்டி ஓரேக்கர்க்காரருக்காக வராது. பக்கத்து நிலங்களும் சேர்ந்தால்தான் வரும். அதற்குள் மழை வந்தால் இழப்பு யாருக்கு? மேலும், கேழ்வரகின் நடுவே மொச்சையும் கடுகும் ஆமணக்கும் வரிசையாக இடும் 'அக்கடி' முறை அப்பகுதியின் பழைய வழக்கம். மொச்சை காய்ப்பதற்கு முன்பே கேழ்வரகு முற்றிவிடும். ஒன்றை வெட்டி மற்றொன்றை விட்டுச் செல்ல 12 அடி வாய்க்குத் தெரியாது.

இனித் தாள். வண்டி சற்று உயர்த்தியே வெட்டுவதால் அடித்தாள் நிலத்தில் நின்றுவிடும். மேல்தாள் நசுங்கிச் சிதறும். அதைத் திரட்டிக் கட்ட இன்னொரு பொறிக்கு வாடகை தரவேண்டும். இரண்டு பசு வைத்திருப்பவருக்குத் தாள் என்பது பாதி விளைச்சல்.

நாளைப் பற்றிய இக்கவலை கன்னட நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கச் சிறு உழவரும் இதனை அறிந்தவரே. அங்கு முன்னாளில் பெரிய கதிரடிக்கும் பொறி ஒன்று பண்ணை பண்ணையாகச் சுற்றிவரும். அண்டை வீட்டார் கூடி முறைவைத்து அடித்துக்கொள்வர். முறை கடைசியாக வாய்த்தவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1935இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 'ஆல்-கிராப்' என்னும் சிறிய கூட்டுப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வெட்டு அகலம் 60 அங்குலம், அதாவது ஐந்தே அடி. ஒரு குடும்பத்தின் சிறிய டிராக்டரே அதனை இழுத்து இயக்கும். கதிரடிக்கும் உருளையும் ஏறத்தாழ அதே அகலம். ஆதலால் பயிர் நெருக்குண்ணாமல் மெல்லிய படலமாக உள்ளே செல்லும். அடிக்கும் சட்டங்களுக்கு ரப்பர் முகம் இருந்ததால் மணி உடைவது குறைவு. கோதுமை முதல் நுண்ணிய புல்விதை வரை அடிக்கலாம் என்பதாலேயே 'எல்லாப் பயிர்' என்னும் பொருளில் அப்பெயர் இட்டனர். அந்நிறுவனம் 1985இல் உழவுக் கருவித் தொழிலையே ஜெர்மானியர்க்கு விற்றுவிட்டது. ஆயினும் சிறு நிலம் வைத்திருப்போரும் விதை விளைப்போரும் இன்றும் அப்பழம் பொறியைப் பழுது பார்த்து ஓட்டுகின்றனர். பழமைப் பற்று மட்டும் இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. அது தம் கொட்டகையிலேயே நிற்கிறது. காய்ந்த நாளில் வெட்டலாம், பழுதானால் தாமே கழற்றிப் பூட்டலாம்.

குண்டலுபேட்டை உழவருக்கு அத்தகைய ஐந்தடிப் பொறி கிட்டவில்லை. அவர் கையில் இருப்பது 'ரோணகல்லு' எனப்படும் கல் உருளை. அது இல்லாதவருக்குச் சாலை. சாலையில் அடிப்பதை நான் போற்றவில்லை. இருசக்கர வண்டிகள் தாளில் வழுக்கி விழுகின்றன. கார்களின் அடியில் தாள் சுற்றித் தீப்பற்றியதும் உண்டு. தானியத்தில் மண்ணும் சேரும். அதைப் புடைத்தெடுக்கும் பெண்களின் உழைப்பை யாரும் கணக்கிடுவதில்லை. சிறியதை விரும்புவது வேறு, துன்பத்தை விரும்புவது வேறு. நம் பொறியியல் மாணவர் எத்தனையோ வரைபடம் வரைகின்றனர். ஓரேக்கருக்கு ஏற்றதாய், தாளைச் சிதைக்காததாய், ஊர்க் கொல்லர் திருத்தத் தக்கதாய் ஒரு பொறியையும் வரைந்து பார்க்கலாமே!

முதியவரின் களத்திலும் ஒரு மாற்றம் கண்டேன். கல்லை இழுக்க மாடு இல்லை, டிராக்டர் இழுத்தது. கல் மட்டும் பழையது. தம் பாட்டனார் காலத்தது என்றார். அடித்து முடித்துத் தாளை உதறி ஒதுக்கியாயிற்று. முறத்தை எடுத்துக்கொண்டு பொலியின் அருகே நின்றார். காற்று இன்னும் எழவில்லை.