எச்சரிக்கையின் நிறமும் எங்கள் தெருவின் தண்ணீரும்

"செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை." ஐப்பசி பிறந்துவிட்டால் படூரில் குடியிருக்கும் எல்லோருடைய கைபேசிக்கும் இந்த வரி பல வழிகளில் வந்து சேர்ந்துவிடும். எங்கள் குடியிருப்பில் மழைக்கால ஏற்பாடுகளை நான் பார்த்துக்கொள்வதால், அடுத்த நிமிடமே கேள்வியும் வரும்: "அப்ப நாளைக்கு மழை நிச்சயம்தானே சார்?"

அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. செங்கல்பட்டு மாவட்டம் என்றால் தாம்பரமும் உண்டு, மாமல்லபுரமும் உண்டு, மதுராந்தகமும் செய்யூரும் உண்டு. இத்தனைக்கும் சேர்த்து ஒரே நிறம். ஆகவே நிறத்தைப் பார்த்ததும், நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைத் தேடி எடுத்து முழு வாக்கியத்தையும் படிக்கிறேன். "ஓரிரு இடங்களில் கன முதல் மிக கனமழை பெய்ய வாய்ப்பு" என்று இருக்கும். எல்லோரும் "மிக கனமழை"யைப் பிடித்துக்கொள்கிறார்கள். "ஓரிரு இடங்களில்" என்பதை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு வானிலைத் துறையில் அளவு உண்டு: மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாத இடங்கள். கால் முதல் பாதி வரை என்றால் "ஒருசில இடங்களில்". பாதியைத் தாண்டி முக்கால் வரை ஒரு வகை, அதற்கும் மேலே போனால் "பெரும்பாலான இடங்களில்". ஆக, ஆரஞ்சு எச்சரிக்கை நாளில் மாவட்டத்தின் பெரும்பகுதி சுமாரான மழையோடு தப்பித்துவிட்டால் கணிப்பு பொய்த்தது என்று பொருள் இல்லை. மிக கனமழை கேளம்பாக்கத்தில் கொட்டியிருக்கலாம், படூரில் சாலை மட்டும் நனைந்திருக்கலாம்.

"கன", "மிக கன" என்பவற்றுக்கும் எல்லைக்கோடுகள் உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை. அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. எளிதாக நினைவில் வைக்க 7 செ.மீ., 12 செ.மீ., 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 20 செ.மீ. என்றால் என்ன என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டபோது கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 20 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 44,600 லிட்டர். கோடையில் ஓ.எம்.ஆர். எனும் பழைய மாமல்லபுரம் சாலை வழியாக நாம் காசு கொடுத்து வரவழைக்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் கிட்டத்தட்ட நான்கு, ஒரே நாளில், ஒவ்வொரு மனையிலும் கொட்டியது போல. அதற்குப் பிறகு அவர் "மழை நிச்சயமா" என்று கேட்பதில்லை. "எத்தனை சென்டிமீட்டர் வரைக்கும் சொல்றாங்க?" என்றுதான் கேட்கிறார்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. மஞ்சள் என்றால் தகவலைக் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. நிறத்தை முடிவு செய்யும்போது மழையின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, அது பெய்தால் என்ன பாதிப்பு வரும், வர எவ்வளவு வாய்ப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. வங்கக் கடலில் இருந்த தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரை கடந்தது, எதிர்பார்த்த பெருமழை சென்னைப் பக்கம் பெய்யவில்லை. அதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தியவர்களைப் பலர் கேலி செய்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் செய்தது சரி. அன்றைக்குக் கையில் இருந்த தகவலுக்கு அதுதான் பொருத்தமான செயல்.

அடுத்தது நேரம். வானிலைத் துறையின் மழை நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை அதற்கு ஒரு நாள். 2015இல் தாம்பரத்தில் பதிவான 49 செ.மீ. டிசம்பர் 2ஆம் தேதிக் கணக்கில் இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி பெய்தது டிசம்பர் 1 அன்று. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் சிக்கல் வேறு மாதிரி. பலவற்றில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 00 என்றால் காலை 5.30, 12 என்றால் மாலை 5.30, 18 என்றால் இரவு 11.30. இதைக் கூட்டாமல் பார்த்தால் அதிகாலை மழையை முந்தைய இரவு மழை என்று எடுத்துக்கொள்வோம், பம்பு இயக்க ஆள் வைக்கும் நேரம் மாறிப்போகும். கூடவே, படத்தின் மூலையில் இருக்கும் குறிப்பையும் படிக்க வேண்டும். அது காட்டுவது மூன்று மணி நேர மழையா, 24 மணி நேர மழையா, கணிப்பு தொடங்கியதிலிருந்து பத்து நாளுக்குச் சேர்த்த மொத்தமா? "படூருக்கு 40 சென்டிமீட்டர்" என்று பயமுறுத்தி வரும் ஊதா நிறப் படங்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வகை.

ஐரோப்பிய மாதிரி, அமெரிக்க மாதிரி என்று பெயர் சொல்லி வரும் கணினிக் கணிப்புகளை நான் வெறுப்பதில்லை, தினமும் பார்க்கிறேன். ஆனால் ஒரே ஒரு ஓட்டத்தை நம்புவதில்லை. அமெரிக்க மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை புதிதாக ஓடுகிறது. அடுத்தடுத்த ஓட்டங்களில் மழை ஒரே இடத்தில், ஒரே நாளில் நிற்கிறதா, இரண்டு வெவ்வேறு மாதிரிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பேன். ஒத்துப்போகாதவரை எதையும் எங்கள் குடியிருப்பின் கைபேசிக் குழுவில் பகிர்வதில்லை. இந்த மாதிரிகள் பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஐரோப்பிய மாதிரியின் கட்டம் சுமார் 9 கி.மீ., இந்திய வானிலைத் துறை 2025 மே மாதம் கொண்டுவந்த பாரத் முன்கணிப்பு முறையின் கட்டம் 6 கி.மீ. நம் ஊர் கடலிலிருந்து சில கிலோமீட்டர்தான். மழைப் பட்டை 30 கி.மீ. கிழக்கே தள்ளினால் அத்தனையும் கடலில் போய் விழும். 30 கி.மீ. மேற்கே தள்ளினால் ஏரிகள் நிரம்பும். ஐந்து நாளுக்கு முன்பே இந்த 30 கி.மீ.யைச் சரியாகச் சொல்லும் கருவி இன்னும் உலகில் இல்லை.

புயல் வரும்போது எல்லோரும் பார்ப்பது கரை கடக்கும் இடத்தை. அதைவிட முக்கியமானது வேறு என்று இந்தக் கடற்கரை திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே, நமக்கு மிகப் பக்கத்தில் கரை கடந்தது. 2023இல் மிக்ஜாம் கரை கடந்ததோ ஆந்திராவின் பாபட்லா அருகே, டிசம்பர் 5 அன்று. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்து, சென்னையையும் நம் ஓ.எம்.ஆரையும் தண்ணீரில் நிறுத்தியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை ஏறி அங்கேயே நகராமல் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. 2015 டிசம்பர் 1 மழைக்குப் புயல் பெயரே கிடையாது. எனவே வரைபடத்தில் நான் முதலில் தேடுவது வேகத்தை. மணிக்கு எத்தனை கி.மீ. நகர்கிறது, எந்த இடத்தில் நிற்கப் போகிறது? பாதைப் படத்தில் விரிந்துகொண்டே போகும் கூம்பு, புயலின் மையம் எங்கெங்கே இருக்கக்கூடும் என்பதைக் காட்டுவது மட்டுமே. மழைக்கும் அதன் எல்லைக்கும் தொடர்பில்லை. கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதி அடைபவர்களிடம் மிக்ஜாமைத்தான் நினைவூட்டுகிறேன்.

பெருமழை எப்போதும் முன்னறிவித்துவிட்டு வரும் என்றும் இல்லை. 2021 டிசம்பர் 30 பிற்பகலில் சென்னையை முடக்கிய மழையை முந்தைய நாள் கணிப்புகள் அந்த அளவுக்குச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் உதவுவது ரேடார்தான். சென்னைத் துறைமுகத்திலும் பள்ளிக்கரணையிலும் இருக்கும் டாப்ளர் ரேடார் படங்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒரே ஒரு படத்தால் பயன் இல்லை, தொடர்ச்சியாக ஓட விட்டுப் பார்க்க வேண்டும். சிவப்புத் திட்டு ஒன்று கடலிலிருந்து வந்து நம்மைக் கடந்து மேற்கே போனால் அரை மணி நேர மழை. ஒன்று போனதும் அதே இடத்தில் அடுத்தது, அதன் பின்னால் இன்னொன்று என்று முட்டுக்காட்டுக்கு நேர் கிழக்கே கடலில் பிறந்துகொண்டே இருந்தால், அது விடப்போவதில்லை. அதைப் பார்த்ததும் கீழ்த்தளத்து வண்டிகளை எடுக்கச் சொல்லிவிடுவேன். வடகிழக்குப் பருவமழை கடற்கரையில் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் வலுக்கும். நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் குளிர்காற்று, கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்றைக் கரையோரம் எதிர்கொள்வது அதற்கு ஒரு காரணம். பிற்பகலில் வெயில் அடித்தது என்பதற்காக இரவுக் காவலரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

கோவளம் மீனவர்களிடம் பேசியதில் கிடைத்த பாடம் வேறு. துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டு எண் பெரிதானால் ஆபத்து பெரிது என்று மட்டும் நாம் நினைக்கிறோம். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் போகும் திசையில் பார்த்தால் துறைமுகம் அதன் பாதைக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா, இல்லை புயல் துறைமுகத்தின் மேலேயே வருகிறதா என்பதைத்தான் அவை பிரித்துச் சொல்கின்றன. 8, 9, 10ம் அப்படியே, கடும் புயலுக்கு. "கூண்டு பாத்து நாங்க போட்டை ஏத்துறதில்ல தம்பி, வாடை இறுகி அலை மாறுனா ஏத்திடுவோம். கூண்டு வந்தா வலையையும் எடுத்துடுவோம்" என்றார் ஒரு மூத்த மீனவர். கண்ணால் கண்டதையும் அறிக்கையையும் அவர் எதிரெதிரே நிறுத்தவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கிறார்.

எந்த வரைபடமும் சொல்லாத விஷயம் நம் தெருவின் வடிகால். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கித் தெற்கே ஓடி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. படூரின் மழைநீர் போய்ச் சேர வேண்டியதும் அதே வழிதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும்போது, கிழக்குக் காற்றும் அலையும் சேர்ந்து முகத்துவாரத்தில் தண்ணீரைத் தடுக்கும். அப்போது 8 செ.மீ. மழைகூட வடிய மறுக்கும். கடல் வற்றும் நேரத்தில், ஏரிகள் பாதி காலியாக இருக்கும் அக்டோபரில், 12 செ.மீ. பெய்தாலும் மாலைக்குள் வடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்புகள் எழுதிக்கொள்கிறேன்: அன்றைய கடல் ஏற்ற நேரம், தையூர்ப் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பது.

குழுவில் வரும் படத்தைப் பகிரும் முன் அது வெளியான தேதியும் நேரமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழித்துவிடுங்கள். போன வருடத்துச் சிவப்பு எச்சரிக்கை இந்த வருடமும் சுற்றுகிறது. மாநில அரசின் டி.என். அலர்ட் செயலியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. இந்த இரண்டு எண்களையும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

எச்சரிக்கை விலக்கப்பட்ட அன்று மணல் மூட்டைகளை எடுக்க வேண்டாம். மழை நின்ற பிறகும் வடக்கே ஏரிகளிலிருந்து வழிந்த தண்ணீர் கால்வாயில் வந்துகொண்டேதான் இருக்கும். வெயில் அடிக்கும் அந்த மறுநாளில்தான் சில சமயம் கால்வாய் ஓரத்துத் தெருக்களில் மட்டம் ஏறுகிறது. கால்வாய்த் தண்ணீர் இறங்கத் தொடங்குவதை நேரில் போய்ப் பார்த்த பிறகே எங்கள் பம்பை அணைக்கிறோம்.