எந்தச் செயல் என்று சொல்ல வேண்டும்

அன்புள்ள நிலா,

பல மாதம் நீண்ட குற்றத்தில் ஜூரிகள் பன்னிரண்டு பேரும் எதில் ஒத்துப்போக வேண்டும் என்று கேட்டிருந்தாய். சட்டம் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே இதைக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி.

அமெரிக்காவில் 1999-இல் ரிச்சர்ட்சன் வழக்கில் இதே கேள்வி எழுந்தது. போதைப்பொருள் கும்பலை நடத்தியவர்மீது, தொடர்ச்சியாகப் பல சட்டமீறல்கள் செய்தார் என்று குற்றச்சாட்டு. 'பல முறை செய்தார்' என்று பொதுவாக ஒத்துக்கொண்டால் போதாது, எந்தெந்த மீறல்கள் என்பதிலும் ஜூரிகள் ஒருமனதாக இருக்க வேண்டும் என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். ஆறு பேர் ஒரு விற்பனையையும் மற்ற ஆறு பேர் வேறொன்றையும் நம்பினால், எதுவுமே மெய்ப்பிக்கப்படவில்லை என்றுதானே பொருள்?

நம் நாட்டில் குற்ற வழக்குகளில் இப்போது ஜூரி இல்லை. 1959-இல் பம்பாயில் நானாவதி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரி 'குற்றவாளி அல்ல' என்றது. அதை ஏற்காத நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறைக்கே இடமில்லாமல் போயிற்று.

ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. நம்பிக்கை மோசடி வழக்கில் ஒவ்வொரு தொகையையும் தேதியையும் சொல்லாமல் மொத்தத் தொகையைக் குற்றச்சாட்டில் எழுதலாம். முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதற்குப் பதில் சொல்வதென்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்குத்தான் இந்த வரம்பு. ஜூரிகள் காரணம் சொல்வதில்லை. நம் நீதிபதியோ எழுதியே ஆக வேண்டும். எதை நம்பினார், ஏன் நம்பினார் என்பது தீர்ப்பிலேயே இருக்க வேண்டும்.

இதன் அருமையை உன் பெங்களூரிலேயே பார்க்கலாம். ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கை 2003-இல் உச்ச நீதிமன்றம் அங்கே மாற்றியது. ஒரு நாளில் முடிந்த செயல் அல்ல அது: 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரையிலான வரவும் செலவும் சொத்தும் முழுவதும் விசாரணைக்கு வந்தன. 2014 செப்டம்பர் 27-இல் பரப்பன அக்ரஹாராவில் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா, ஜெயலலிதாவுக்கும் அவருடன் குற்றம் சாட்டப்பட்ட மூவருக்கும் நான்காண்டுச் சிறையும், ஜெயலலிதாவுக்கு 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். 2015 மே 11-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. வருமானத்தைவிட மிகுந்த சொத்து 8.12 விழுக்காடுதான், பத்து விழுக்காடு வரை ஏற்கலாம் என்பது அங்கே காட்டப்பட்ட காரணம்.

அந்தக் கணக்கில்தான் சிக்கல். தீர்ப்பில் வருமானமாகப் பட்டியலிட்ட கடன்களின் கூட்டுத்தொகை 24 கோடியே 17 லட்சம் என்றிருந்தது. கூட்டிப் பார்த்தால் 10 கோடியே 67 லட்சம்தான். பதின்மூன்றரைக் கோடி வருமானம் இல்லாமலே சேர்ந்துவிட்டது! அதைக் கழித்தால் அந்த விழுக்காடு 76-ஐத் தாண்டும். 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தது. ஜெயலலிதா அதற்குள் காலமாகிவிட்டதால், தண்டனை மற்ற மூவருக்கே நின்றது.

ஒவ்வொரு கடனும் தனித்தனியே எழுதப்பட்டிருந்ததால்தான் பிழை அகப்பட்டது. 'மொத்தத்தில் குற்றமில்லை' என்று மட்டும் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? பலர் ஒத்துப்போவதைவிட, ஒருவர் காரணத்தை எழுதி வைப்பதையே நான் பெரிய காவலாகக் கருதுகிறேன்.

விடுமுறையில் உயர் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்து, அந்தக் கடன் பட்டியலை ஒருமுறை உன் கையாலேயே கூட்டிப் பார்.

அன்புடன்,
மாமா