இரவுக் காவலன்

ஊர் உறங்கும்பொழுது காவலன் விழித்திருப்பான். அவன் சுற்றி வருவதை உறங்குபவர் காண்பதில்லை. எனினும், அவர்கள் கவலையின்றி உறங்குவது அவனாலேயாம். நம் உடலாகிய ஊருக்கும் இத்தகைய காவலன் ஒருவன் உண்டு. இருள் சூழ்ந்தபின் அவன் தன் தொழிலைத் தொடங்குகிறான். பொழுது புலர்ந்ததும் ஒதுங்கிக்கொள்கிறான். மெலடோனின் என்பது அவன் பெயர். அவன் காப்பவற்றுள் நம் இரத்தக் குழாய்களும் அடங்கும். உடல் அளவின்றிப் பருக்கும்போது அக்குழாய்களுக்கு நேரும் கேட்டையும், அதனைத் தடுப்பதில் இக்காவலனுக்குள்ள பங்கையும் இங்குக் காண்போம்.

மூளையின் நடுப்பகுதியில் பட்டாணி அளவுள்ள சிறு சுரப்பி ஒன்று இருக்கிறது. பைன் மரத்தின் காயைப் போன்று கூம்பிய வடிவுடையதாதலின், அதனைப் பீனியல் சுரப்பி என்பர். தமிழில் கூம்புச் சுரப்பி எனலாம். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட் அதனை ஆன்மாவின் இருப்பிடம் என்று கருதினார். அதன் உண்மையான தொழில் யாது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1917-ஆம் ஆண்டில் மெக்கார்டு, ஆலன் என்னும் அமெரிக்கர் இருவர், மாட்டின் கூம்புச் சுரப்பியிலிருந்து எடுத்த சாறு தலைப்பிரட்டைகளின் தோலை வெளிறச் செய்வதைக் கண்டனர். நாற்பது ஆண்டுகளுக்குப்பின், யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவராக விளங்கிய ஆரன் லெர்னர் இச்செய்தியில் கருத்தூன்றினார். தோல் நோய்களுக்கு இதிலிருந்து மருந்து கிடைக்கலாம் என்பது அவர் எண்ணம். அவரும் அவருடைய துணைவர்களும் பல்லாயிரம் மாடுகளின் சுரப்பிகளைத் திரட்டி, 1958-ஆம் ஆண்டில் அப்பொருளைப் பிரித்தெடுத்து, மெலடோனின் எனப் பெயரிட்டனர். அவர் தேடியது தோலுக்கு மருந்து. கண்டதோ இரவின் காவலனை!

இச்சுரப்பி இரவையும் பகலையும் எங்ஙனம் பிரித்தறிகிறது? விழித்திரையில் படும் ஒளி பற்றிய செய்தி, நரம்பின் வழியாக, மூளையிலுள்ள உயிர்க் கடிகாரத்தை அடைகிறது. அக்கடிகாரம் பகலில் சுரப்பியை அடக்கி வைத்து, இரவில் சுரக்க விடுகிறது. ஆதலால் மாலையில் மெலடோனின் இரத்தத்தில் மிகத் தொடங்கி, நள்ளிரவுக்குப்பின் உச்சத்தை அடைந்து, விடியலில் குறைந்துவிடும். இரவிலும் கண்ணில் பேரொளி பட்டால் இச்சுரப்புத் தடைப்படும். இவ்வுண்மையை 1980-ஆம் ஆண்டில் ஆல்ஃபிரெட் லூயி முதலிய அமெரிக்க அறிஞர் மனிதரிடத்தே மெய்ப்பித்தனர். ஒளியில் நீல நிறக் கூறு மிகுந்தால் தடையும் மிகும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

இனி, இரத்தக் குழாய்களைப் பற்றி அறிவோம். அவற்றை நீர் செல்லும் இரும்புக் குழாய்களைப் போன்றவை என்று எண்ணுதல் தவறு. அவை உயிருள்ள குழாய்கள். வேண்டும்போது விரியும், வேண்டும்போது சுருங்கும். அவற்றின் உட்புறத்தை ஓர் உயிரணுவின் கனமே உடைய மெல்லிய படலம் போர்த்திருக்கிறது. அதனை வெறும் உறை என்றே பலரும் கருதியிருந்தனர். அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருநாடித் துண்டுகளை ஆராய்ந்தார். உட்படலம் சிதையாத துண்டுகள் ஒரு மருந்தினால் தளர்ந்தன. படலம் தேய்ந்துபோன துண்டுகள் அதே மருந்தினால் தளரவில்லை. ஆகவே, குழாயைத் தளரச் செய்யும் ஆணை அப்படலத்திலிருந்தே பிறக்கிறது என்று 1980-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அவ்வாணையைக் கொண்டு செல்வது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இத்துறையில் ஆற்றிய பணிக்காக 1998-ஆம் ஆண்டில் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவர்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இந்நுண்ணிய ஏற்பாட்டை உடற்பருமன் குலைக்கிறது. கொழுப்பு என்பது உடலில் வாளா கிடக்கும் மூட்டை அன்று. நலமுள்ள உடலில், சிறு நாடிகளைச் சூழ்ந்துள்ள கொழுப்பு, அவற்றைத் தளர்த்தும் பொருள்களைச் சுரந்து துணை செய்கிறது. உடல் மிகப் பருத்தாலோ, கொழுப்பணுக்கள் வீங்குகின்றன. போதிய ஆக்சிஜன் பெறாது நலிகின்றன. அங்கு அழற்சி தோன்றுகிறது. அதன் விளைவாக, ஆக்சிஜனிலிருந்து கட்டுக்கடங்காத துகள்கள் பல பிறந்து, நைட்ரிக் ஆக்சைடை அழித்துவிடுகின்றன. தளர்க என்னும் ஆணை குழாயின் தசையை எட்டுவதில்லை. குழாய் இறுகுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, நாளடைவில் குழாயின் சுவர் தடிக்கிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இவ்வாறு வழி பிறக்கிறது. துணையாய் இருந்த கொழுப்பே பகையாய் மாறிவிடுகிறது!

இப்பகையை மெலடோனின் எங்ஙனம் எதிர்க்கிறது? அத்துகள்களுள் மிகக் கொடியதாகிய ஹைட்ராக்சிலை அது நேரே பற்றி அடக்கவல்லது என்று, அமெரிக்காவில் ரைட்டர் என்பாரும் அவர் குழுவினரும் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மேலும், உடலில் இயல்பாகவுள்ள காப்பு நொதிகளை அது தூண்டுகிறது, அழற்சியையும் தணிக்கிறது.

இத்தாலி நாட்டுப் பிரெசியா நகர ஆய்வாளர்கள் இதனைப் பருத்த உடலிலேயே ஆராய்ந்தனர். பசியை அடக்கும் லெப்டின் என்னும் பொருள் பிறவியிலேயே அமையாத சுண்டெலி வகை ஒன்று உண்டு. அது ஓயாது தின்று மிகப் பருத்துவிடும். நலமுள்ள எலிகளில், நாடியைச் சூழ்ந்த கொழுப்பு, அந்நாடி அளவுக்கு மீறிச் சுருங்காதபடி காத்தது. பருத்த எலிகளிலோ அக்காப்பு இல்லை. மெலடோனினைத் தொடர்ந்து உண்ட பருத்த எலிகளில் அக்காப்பு மீண்டும் தோன்றியது. 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு, பகையாய் மாறிய கொழுப்பு மறுபடியும் நட்பாதல் கூடும் என்பதைக் காட்டிற்று.

மனிதரிடத்தும் ஒரு நற்குறி தென்பட்டது. நெதர்லாந்தில், இரத்த அழுத்தம் மிகுந்த ஆடவர் பதினாறு பேருக்கு நாள்தோறும் உறங்குமுன் 2.5 மில்லிகிராம் மெலடோனின் மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தனர். உறக்கத்தின்போது அவர்களுடைய மேல் அழுத்தம் 6 அலகும், கீழ் அழுத்தம் 4 அலகும் குறைந்தன. ஒரே ஒரு நாள் கொடுத்தபோது இப்பயன் விளையவில்லை. இச்செய்தி 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தது. காவல் நாள்தோறும் நடைபெற வேண்டும் போலும்!

எனினும், இவற்றைக் கொண்டு விரைந்து முடிவு கட்டுதல் அறிவுடைமை ஆகாது. பதினாறு பேர் உலக மக்கள் அனைவருக்கும் சான்றாகார். சுண்டெலியோ இரவில் விழித்து இரை தேடும் உயிர். அதன் இரவும் நம் இரவும் ஒன்றல்ல. ஆய்வில் எலிகளுக்குக் கொடுக்கும் அளவும் உடலில் இயல்பாகச் சுரக்கும் அளவினும் மிகப் பெரிது. மெலடோனின் மாத்திரையைச் சில நாடுகளில் மருத்துவர் சீட்டின்றியே விற்கின்றனர். ஆயினும், மருத்துவர் கூறாமல் அதனை உட்கொள்ளுதல் தகாது. அளவறிந்து உண்ணலும், நாள்தோறும் ஓடியாடி உழைத்தலும் செய்யும் நன்மையை எம்மாத்திரையும் ஈடு செய்யாது.

ஆனால், இயற்கை நமக்கு அளித்துள்ள காவலனைத் துரத்தாமல் இருக்க மருந்தும் வேண்டா, பொருளும் வேண்டா. இரவு நெடுநேரம் விளக்கொளியிலும் கைப்பேசியின் ஒளியிலும் விழித்திருப்பவன், காவலன் வரும் வேளையில் கதவைச் சாத்திவிடுகிறான். உரிய காலத்தில் விளக்கை அணைத்து உறங்குபவனோ அவனை வரவேற்கிறான். ஒளியைப் போற்றும் நாம் இருளின் பயனையும் அறிந்து போற்றுவோமாக.